தெல்லிப்பழையில் விழுந்த உறைபனி

போன மாசி மாதம் ஒரு மத்தியானம் மின்சாரம் நின்றுபோனது. பழைய நாட்காட்டி மட்டையால் விசிறிக்கொண்டு அரியாலை வீட்டு விறாந்தையில் இருந்தேன். நெற்றி வியர்வை மூக்குக் கண்ணாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரைக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் சுஜீவன்தான் பேசினார்.

"அக்கா, கந்தோர் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. எங்கடை பிரிவிலை உறைபனி விழக்கூடுமாம். மரக்கறிப் பயிர் எல்லாத்தையும் உடனை மூடட்டாம். துணிச் சுருளும் வந்து வாசல்லை கிடக்கு. இஞ்சை என்னெண்டா வெய்யில் கொழுத்துது."

"தம்பி, ஒண்டையும் மூடாதையும். உந்த மெசேஜ் ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. புதுச் செயலி ஒண்டு. பழைய பதிவுகளைப் பாத்துத் தானாச் சொல்லுமாம். தெல்லிப்பழையிலை முந்தி ஒருக்கா உறைபனி விழுந்ததெண்டு பதிவு கிடக்காம்."

விசிறிக்கொண்டிருந்த மட்டை என் கையில் நின்றது. அந்தப் பதிவேட்டை நான் அறிவேன். அந்த உறைபனியையும் அறிவேன். அது வானத்திலிருந்து விழவில்லை, ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தது. சுஜீவனுக்குத் தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதித் தரச்சொன்னார். எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம் மண், உரம், பூச்சி, பரீட்சை. அதற்குள் ஒரு வாரம் எங்களை மலைநாட்டு நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கேதான் உறைபனியை முதலும் கடைசியுமாகக் கண்டேன். முகிலும் காற்றும் இல்லாத இரவு கழிந்து விடியும்போது உருளைக்கிழங்கு இலைகளில் உப்புத் தூவியதுபோல வெள்ளை படிந்திருக்கும். வெயில் ஏறி ஒரு மணித்தியாலம் போனால் அதே இலைகள் அவித்த கீரையாகக் கறுத்துத் தொங்கும். அங்குள்ள தோட்டக்காரர் பின்நேரமே பாத்திகளைப் புல்லாலும் துணியாலும் மூடிவிடுவார்கள். மூடாமல் விட்ட பாத்திகளில் வெயில் படுமுன் தண்ணீர் விசிறி வெள்ளையைக் கழுவுவார்கள். பிறகு மூடியதை அகற்றுவார்கள். அகற்ற மறந்தால் பயிர் புழுங்கிச் செத்துப்போகும் என்று ஒரு தோட்டக்காரர் எனக்கு இரண்டு தரம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவளுக்கு இது எதற்கு என்று நினைத்துக்கொண்டு கம்பளிக்குள் கையை வைத்திருந்தேன்.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வெங்காயம், மிளகாய், புகையிலை, தக்காளி என்று வெயிலுக்குள் திரிந்தேன். என் மேலதிகாரி அருளம்பலம் சேர், கொழும்புத்துறைக்காரர். அவரை அறியாதவர்களுக்கு தலைமையகம் அனுப்பும் ஒரு சுற்றுநிருபத்தை அவர் வாசிக்கும் விதத்தைச் சொன்னால் போதும். எழுந்து நின்றுதான் வாசிப்பார். கோடு போடும் அடிமட்டத்தை முதல் வரியின் கீழ் வைப்பார். வாசித்து முடித்ததும் அடுத்த வரிக்கு இறக்குவார். மேசையில் வைத்த தேநீரில் ஆடை கட்டிவிடும், தொடமாட்டார். கடைசி வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். அதற்குப் பிறகு அந்தக் கடதாசி சொன்னது நடந்தே தீரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்ன கேட்டாலும் சுற்றுநிருபத்தின் பந்தி இலக்கத்தைத்தான் பதிலாகச் சொல்வார். "சேர், நாளைக்கு லீவு எடுக்கலாமோ?" என்று கேட்டால், "நாலாம் பந்தியைப் பாருங்கோ பிள்ளை" என்பார்.

அப்படிப்பட்டவரின் மேசைக்குத்தான் ஒருநாள் 'பிந்திய உறைபனியிலிருந்து மரக்கறிப் பயிர்களைப் பாதுகாத்தல்' என்ற சுற்றுநிருபம் வந்தது. மலைநாட்டுக்கு எழுதியதை எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். கடதாசியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கிழமை லொறியும் வந்தது. பன்னிரண்டு சுருள் வெள்ளைத் துணி, ஆறு வெப்பமானி, தடித்த மட்டை போட்ட பதிவேடு ஒன்று, தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று. மிசின், விடியமுன் தண்ணீர் விசிறி உறைபனியைக் கழுவுவதற்காம்.

"சேர், இஞ்சை உறைபனி எங்கை விழுறது? திருப்பி அனுப்புவமே?"

அடிமட்டம் இரண்டாம் பந்திக்கு இறங்கியது. "திருப்பி அனுப்புறதெண்டா 'உறைபனிக் காலம் முடிந்தது' எண்டு சான்றிதழ் வைக்கோணுமாம். தொடங்காத காலத்தை முடிஞ்சதெண்டு நான் எப்பிடி எழுதிறது?"

ஆனால் மிசினைக் கண்டதும் ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைதான் இவ்வளவுக்கும் காரணம். செயல்விளக்கத் தோட்டம் செய்கிற விவசாயிக்கு, பதிவேடு நிறைவானதும் மிசின் சொந்தம் என்று மூன்றாம் பந்தியில் இருந்தது. எனக்கு உடனே தெல்லிப்பழைத் தவமணி அக்காவின் நினைவு வந்தது. இராணுவ வலயத்துக்குள் நெடுங்காலம் கால்வைக்க முடியாமல் கிடந்த காணி கையில் கிடைத்து, பற்றையை வெட்டி, கல்லைப் பொறுக்கி, அந்தச் செம்மண்ணில் முதல் தடவையாகத் தக்காளி நட்டிருந்தார். இரண்டு பரப்பு, ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. முறிந்த இடுப்போடு புருசன் வீட்டில் கிடந்தார். அக்கா தனியாளாகக் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். மாலையில் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தால் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருக்கும்.

"இரவிலை துணியாலை மூடோணும், விடிய எடுக்கோணும், அவ்வளவுதான் அக்கா. மிசின் உங்களுக்கு" என்றேன்.

"மூடுறதிலை பயிருக்குச் சேதம் வராதோ மிஸ்?"

"வராது. நான் பொறுப்பு" என்றேன்.

நான் ஏழாம் பந்தியை வாசிக்கவில்லை. முப்பது வருட அனுபவம் இருக்கிறதல்லவா, மூன்றாம் பந்தியோடு நிறுத்திவிட்டேன்.

துணி விரித்த முதல் நாளே ஊர் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில்தான் இப்படி வெள்ளை கட்டுவது வழக்கம். இரண்டு பரப்புக்கு வெள்ளை விரித்துக் கிடந்தால் சனம் என்ன நினைக்கும்? வீதியால் போன ஒருவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார்.

"ஆர் பிள்ளை மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. தக்காளிக்குக் குளிருமாம்" என்றார் தவமணி அக்கா.

அவர் துணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் விடிய நான் துணியை எடுக்கப் போனபோது சேர் பாத்தியின் தலைப்பில் நின்றார். கையில் சுற்றுநிருபம். "ஏழாம் பந்தி பாத்தனீங்களோ?" என்று கேட்டார். அடிமட்டத்தை வைத்தே வாசித்துக் காட்டினார். கடைசி உறைபனி விழுந்து மூன்று நாட்கள் கழிந்த பின்னரே துணியை அகற்றலாம்.

"சேர், உறைபனியே விழாட்டி?"

"விழாட்டிக் கடைசி உறைபனி இல்லை. கடைசி உறைபனி இல்லாட்டி மூண்டு நாளை எங்கை இருந்து எண்ணுறது?"

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. மனுசன் உண்மையாகவே கவலையோடு நின்றார். இடையில் துணியை அகற்றினால் செயல்விளக்கம் முறிந்துவிடும், மிசினை மீளப் பெற வேண்டும் என்று எட்டாம் பந்தி சொன்னது.

இப்படித் தொடங்கியது. தினமும் விடியமுன் போய் ஆறு வெப்பமானியையும் பார்ப்பேன். இருபத்து நாலு. இருபத்து மூன்று. இருபத்து நாலு. பதிவேட்டில் 'உறைபனி தொடங்கிய நேரம்', 'முடிந்த நேரம்', 'சேதம்' என்று மூன்று நிரல்கள். 'விழவில்லை' என்று எழுத இடமே வைக்கவில்லை. கந்தோருக்குப் போனதும் சேர் கேட்பார், "இண்டைக்கும் இல்லையோ?" பிள்ளையின் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் தகப்பனைப்போலக் கேட்பார். ஒருநாள் இருபத்திரண்டு என்றபோது எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்குள் துணிக்குக் கீழே தக்காளி வெந்துகொண்டிருந்தது. மாசி போய்ப் பங்குனி பிறந்த வெயில். கையை உள்ளே விட்டால் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் ஆவி அடிக்கும். மத்தியானத்தில் ஓரத்தை ஒரு சாண் உயர்த்திக் கல்லை வைத்துவிட்டு வருவேன், அதுவும் களவாக. ஐந்தாம் நாள் பூக்கள் உதிரத் தொடங்கின. தவமணி அக்கா உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி, ஒரு சிரட்டையில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"மிஸ், நான் கோவத்திலை சொல்லேல்லை. மிசினைக் கொண்டுபோங்கோ. நான் வாளியாலை அள்ளுவன். இதுகள் சாகிறதைப் பாக்க ஏலாது."

"இவர் மிசின் வந்ததெண்டு சந்தோசத்திலை எழும்பி இருந்து சாப்பிடுறார்" என்றும் சொன்னார், புருசனைப் பற்றி. அதற்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வரும் வழி முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பொறுப்பு என்று சொன்னவள் நான். தக்காளியை விட்டால் அக்காவின் முதல் விளைச்சல் போச்சு. மிசினை விட்டால் அவருடைய கை போச்சு. இரண்டையும் காப்பாற்றுவதற்கு ஒரு உறைபனி தேவைப்பட்டது.

என் பக்கத்து வீட்டு யோகன் கடலேரியில் இறால் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஊரூராக விற்பவன். அன்றே அவனிடம் போனேன்.

"யோகன், நாளைக்கு விடியமுன் ஒரு பெட்டி ஐஸ் தூளாக்கித் தெல்லிப்பழைக்குக் கொண்டுவர ஏலுமோ?"

"அங்கை என்ன கலியாணமோ அக்கா?"

"தக்காளிக்குப் போட."

யோகன் தலையைச் சொறிந்தான். "இறாலுக்கே ஐஸ் காணாமல் கிடக்கு. சரி, வாறன். ஆனா ஆரிட்டையும் சொல்லாதேங்கோ, என்னைச் சனம் பகிடி பண்ணும்" என்றான்.

அடுத்த நாள் கிழக்கு வெளிக்கும் நேரத்தில் யோகன், தவமணி அக்கா, நான் மூன்று பேரும் ஒரு பாத்தியின் துணியை மடித்து, இலைகளின் மேல் ஐஸ் தூவினோம். தவமணி அக்கா கோலம் போடுவதுபோல விரல் இடுக்கால் தூவினார், இலை நோகக்கூடாதென்று. யோகன் மீனுக்குப் போடுவதுபோல வாரி எறிந்தான். "மெல்லமாப் போடு தம்பி, அது தக்காளி" என்று அக்கா அவனுடைய கையைப் பிடித்தார். ஒரு வெப்பமானியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தேன். பூச்சியம். பிறகு சேருக்குத் தொலைபேசி எடுத்து, "சேர், வெள்ளையா ஏதோ கிடக்குது" என்றேன். பொய் சொல்லக் குரல் வரவில்லை, அதனால் அவ்வளவோடு நிறுத்தினேன்.

கொழும்புத்துறையிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விடவும் நேரம் இல்லை, ஆனால் பதிவேடும் கமெராவும் அடிமட்டமும் கையில் இருந்தன. பாத்தியோரம் குந்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

நானும் பார்த்தேன். தக்காளி இலையின் நடுவில், ஐஸ் தூளின் மேல், ஒரு சின்ன இறால் கிடந்தது. மீசையோடு.

யோகன் தன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினான். தவமணி அக்கா கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குனிந்து இறாலை எடுக்கப் போனேன்.

"தொடாதேங்கோ" என்றார் சேர். "இருக்கிறபடி இருக்கட்டும்." கமெராவைச் சரிசெய்து, இறால் கிடந்த அந்த இலையையே நேராகப் படம் எடுத்தார். இரண்டாவது படமும் எடுத்தார். அதற்குப் பிறகுதான் இறாலை மீசையில் பிடித்துத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"உது உங்கடையோ?"

"ஓம் சேர்."

அவர் கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. தன் கதையைச் சொன்னார். வேலைக்கு வந்த புதிதில் மிளகாய் நோய் ஒன்றைப் பற்றிச் சுற்றுநிருபம் வந்ததாம். இது எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று தானே முடிவெடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாராம். அந்தப் போகம் ஒரு ஊரின் மிளகாய் முழுவதும் அந்த நோயில் போனதாம்.

"ஒரு மனுசன் வந்து என்ரை மேசைக்கு முன்னாலை நிண்டவர். ஒண்டும் கதைக்கேல்லை. நிண்டுபோட்டுப் போயிட்டார். அண்டையிலை இருந்து எது பொருந்தும் எது பொருந்தாதெண்டு நான் யோசிக்கிறேல்லை பிள்ளை. யோசிக்கப் பயம்."

அவருக்கு முன்னால் உதிர்ந்த பூக்கள் கிடந்த சிரட்டை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து தன் கையாலேயே எழுதினார். 'இலைகளின் மேல் வெண்ணிறப் படிவு. வெப்பமானி பூச்சியம். நேரில் கண்டேன். படம் இணைக்கப்பட்டுள்ளது.' ஒரு சொல்லும் பொய் இல்லை. உறைபனி என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை. அந்த நிரலின் தலைப்பில் அது ஏற்கனவே அச்சாகியிருந்தது.

"இனி ஒன்பதாம் பந்தி" என்று எழுந்தார். உறைபனிக்குப் பிந்திய மூன்று நாட்களும், மேற்பார்வை உத்தியோகத்தர் நேரில் இருக்கும்போது, பகலில் துணியை உயர்த்தி இலைகளைத் தேறவிடலாம். மேற்பார்வை உத்தியோகத்தர் என்றால் அவர்தான். மூன்று நாளும் காலையிலிருந்து பொழுதுபடும்வரை, தவமணி அக்கா போட்ட கதிரையில், குடை பிடித்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் இருந்தார். கந்தோர் கடதாசிகளை அங்கேயே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். அக்கா கொடுத்த தேநீரை ஆடை கட்டமுன் குடித்தார், அதை நான் என் கண்ணால் கண்டேன். நாலாம் நாள் விடிய அவரே முதல் ஆளாகத் துணியின் ஒரு தலைப்பைப் பிடித்துச் சுருட்டினார்.

பாதிப் பூ போனது போனதுதான். மிஞ்சியது காய்த்தது. மிசின் அக்காவுக்கு நின்றது. முதல் பழங்களில் ஒரு கூடை கந்தோருக்கு வந்தது. சேர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்ற பந்தியை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ஒரே ஒரு பழத்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது சேர் இல்லை. அவருடைய பதிவேட்டை யாரோ கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், செயலி அதை வாசித்துவிட்டு மாசி வெயிலில் பயிரை மூடச் சொல்கிறது. சுஜீவன் விசாரித்துப் பார்த்தார். ஒரு பதிவை நீக்குவதற்கு, அன்று அங்கே நின்ற உத்தியோகத்தரின் எழுத்து மூலக் கூற்றும், தோட்டக்காரரின் கையொப்பமும், ஆதாரமும் வேண்டுமாம். ஆதாரத்துக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தோம். படம் இருந்தது. நிறம் மங்கினாலும் இறால் தெளிவாக இருந்தது. இத்தனை வருடமும் எத்தனை மேசை கடந்திருக்கும், எத்தனை பேர் கையெழுத்து வைத்திருப்பார்கள், ஒருவருமே அந்த இறாலைக் காணவில்லை. அன்றைக்குச் சேர் ஏன் அதை எடுக்க விடவில்லை என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. பார்க்க வருகிறவனுக்கு உண்மை கோப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. சுஜீவன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார்.

கூற்றை எழுதினேன். ஆனால் அதைக் கொண்டு தவமணி அக்காவிடம் போகத்தான் கால் வரவில்லை. உறைபனி விழவில்லை என்று எழுதினால், உறைபனிக்காகக் கொடுத்த மிசினை யாராவது திருப்பிக் கேட்கக்கூடும். எட்டாம் பந்தியை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் நான் போனபோது கிணற்றடியில் அந்த மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வர்ணம் உரிந்து, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டு, பழைய சாக்கால் மூடி. வாய்க்காலில் தண்ணீர் தக்காளிக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் உள்ளங்கையை இரகசியமாகப் பார்த்தேன். கயிற்று அடையாளம் இல்லை. கடதாசியைக் காட்டி, விஷயத்தைச் சொல்லி, மிசினுக்கு வரக்கூடிய ஆபத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, பேனாவை வாங்கிக் கையொப்பம் போட்டார்.

"அந்த மனுசன் மூண்டு நாள் இந்த வெய்யிலுக்கை இருந்தவர். அவரின்ரை பதிவிலை பிழை நிக்கக்கூடாது" என்றார். "மிசினைக் கேட்டாங்களெண்டா, அடுத்த உறைபனி விழுந்தோடனை அண்டைக்கே தாறனெண்டு எழுதிவிடுங்கோ மிஸ்."

அதையும் ஒரு பந்தியாகச் சேர்த்து, இலக்கம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.